அமுதவல்லியின் காருக்கு நாலாவது ஜோடி டிஸ்க்

மாதேஸ்வரனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எருமப்பட்டியில் அவரை அறிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். பஸ்ஸுக்கு நின்றால் நாலு தடவை ரோட்டில் இறங்கி எட்டிப் பார்ப்பார். எட்டிப் பார்த்தால் பஸ் சீக்கிரம் வந்துவிடுமா என்று கேட்டால், வராதுதான், வருகிறதா என்று தெரியுமல்லவா என்பார். ஐம்பத்து நாலு வயதில் மனுஷனுக்குக் கொஞ்சமாவது நிதானம் வரவேண்டும். இவருக்கு வரவில்லை, இனி வரும் என்ற நம்பிக்கையும் யாருக்கும் இல்லை.

இருபத்தாறு வருடம் போர்வெல் வண்டியோடு அலைந்த உடம்பு அது. துளை போடும் ரிக் வண்டி முன்னால் போக, குழாய்களை ஏற்றிக்கொண்டு அதன் பின்னாலேயே போகும் லாரிக்கு அவர் டிரைவர். சத்தீஸ்கர், ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று பாறை இருக்கிற இடமெல்லாம் போனார். மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது வீட்டுக்கு வருவார், மழை விட்டதும் கிளம்பிவிடுவார். கல்யாணமாகி அத்தனை வருடம் என்று பெயர்தானே தவிர, அவரும் அமுதவல்லியும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஆறேழு வருடம் தேறினால் அதிகம். ஒரே மகள் இனியா வளர்ந்ததையும், படித்ததையும், கல்யாணமாகி ஓசூர் போனதையும் அவர் மழைக்கு மழைதான் பார்த்தார்.

நாலு வருடத்துக்கு முன்னால் ராய்ப்பூர் தாண்டி ஒரு காட்டில் குழாய் ஒன்று நழுவி அவருடைய வலது பாதத்தில் விழுந்தது. கால் பிழைத்துக்கொண்டது, உணர்ச்சி போய்விட்டது. நடப்பார், சைக்கிள்கூட மிதிப்பார். ஆனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று அந்தப் பாதத்துக்குத் தெரியாது. அப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது என்று அவராகவே முடிவு செய்து ஊருக்கு வந்துவிட்டார். அந்த மட்டில் யோக்கியமான டிரைவர்.

அமுதவல்லி டீச்சர். மாதேஸ்வரன் வந்து சேர்ந்த இரண்டாம் வருடம் அவளுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். அதைவிட்டால் வேறு இடம் காலியில்லை என்றார்கள். மலைப் பஸ்ஸை நம்பினால் பாதி நாள் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியவில்லை. நாற்பத்தேழு வயதில் நாமக்கல்லில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளைக் காரும் வாங்கினாள். தானே கற்றுத்தருகிறேன் என்று மாதேஸ்வரன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் உண்டு. மூன்றாம் நாளே, "நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கைகால் ஓடலீங்க" என்று இறக்கிவிட்டுவிட்டாள்.

ஆக, எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலையில் மனைவி தினமும் ஏறி இறங்க, இருபத்தாறு வருட டிரைவர் வீட்டில் சோறாக்கிக்கொண்டு இருந்தார். இருந்தார் என்பதைவிட உழன்றார் என்பதுதான் சரி. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து டயரில் காற்றைப் பார்ப்பார், ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார், பிரேக் ஆயில் பார்ப்பார். ஐந்து லிட்டர் கேன் இரண்டில் தண்ணீர் பிடித்து டிக்கியில் வைப்பார். சாயங்காலம் மலை இறங்கியதும் அடிவாரத்தில், காரவள்ளியில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரம் இரண்டிலும் ஊற்றிவிட்டு வரவேண்டும் என்பது அவருடைய கட்டளை. தொப்பூரோ, சத்தீஸ்கர் கணவாயோ, மலையிறங்கிய லாரிக்காரன் முதலில் செய்வது அதைத்தான். சக்கரம் புஸ்ஸென்று ஆவி விடும். அது அடங்கிய பிறகுதான் டிரைவர் டீ குடிப்பான். அமுதவல்லியும் ஒருநாள் தவறாமல் ஊற்றினாள். ஐந்தேகாலுக்கு மாதேஸ்வரன் போன் செய்து, "ஊத்திட்டியா?" என்று கேட்பார். அதற்கு முன்னால் மலையில் சிக்னல் கிடைக்காது. நாலரை மணியிலிருந்து ஐந்தேகால் வரைக்கும் அந்த வீட்டில் ஒரு பாத்திரம் வைத்த இடத்தில் இருக்காது.

இவ்வளவு செய்தும் அந்தக் காருக்கு பிரேக் நிலைக்கவில்லை. முன் சக்கரங்களுக்குள்ளே தட்டு மாதிரி டிஸ்க் இருக்கிறது. பேட் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும்போதுதான் வண்டி நிற்கிறது. அந்தத் தட்டு கோணிப்போனால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீரிங் உதறும். ஒன்றரை வருடத்தில் மூன்று ஜோடி கோணிவிட்டது. முதல் ஜோடி ஊர் மெக்கானிக் பாலசுந்தரம் போட்டது. அது உதறியபோது, சரக்கு மட்டம் என்றார் மாதேஸ்வரன். இரண்டாவதை நாமக்கல் கடையில் அவரே வாங்கினார். அது உதறியபோது டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். மூன்றாவதை கம்பெனியிலேயே, சீல் உடைக்காத டப்பாவில் வாங்கி, மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அதுவும் நாலு மாதத்தில் உதறியபோது பழி போட ஆள் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அமுதவல்லி சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. முப்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் எதிரே ஒரு டூரிஸ்ட் வேன் வந்து, அழுத்தி மிதித்தபோது வண்டி முழுக்க ஆடியதாம். சுவரிலிருந்து ஒரு முழத்தில் நின்றதாம். அவள் அழவில்லை, யாரையும் குறை சொல்லவுமில்லை. செம்மேட்டில் ஒரு டீச்சர் மாற்றலாகிப் போகிறார், அவர் இருந்த வீடு காலியாகிறது, சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும் என்றாள்.

"திங்கக்கெழம போயிட்டு வெள்ளிக்கெழம வந்துக்கறேனுங்க. பஸ்ஸுலயே போயிக்கலாம்."

தான் நாளைக்கே சரிசெய்துவிடுவதாக மாதேஸ்வரன் சொன்னார். மூன்று தடவையும் அப்படித்தான் சொன்னீர்கள் என்றாள் அமுதவல்லி. கோபமில்லாமல் சொன்னதுதான் அவரைக் குத்தியது. வாரத்தில் ஐந்து நாள் அந்த வீட்டில் தனியாக இருப்பதை அவர் நினைத்துப் பார்த்தார். வருடக்கணக்கில் அவள் அப்படித்தான் இருந்தாள் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. அதனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவருக்கு அவள் வேண்டும். நாலு வருடமாகத்தான் அவருக்குக் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் ஒரு இரும்புத் தட்டு பிரிக்கப் பார்க்கிறது.

மறுநாள் அமுதவல்லி பஸ்ஸில் போனாள். இவர் பாலசுந்தரத்தை அழைத்துவந்து காரை ஷெட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். பாலசுந்தரம் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கைச் சுழலவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையை அதற்குப் பக்கத்தில் பிடித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் சிக் என்று உரசியது. லேத் பட்டறையில் கொடுத்து உரசி நேராக்கலாம், ஆனால் தட்டு மெலிந்துவிடும், மெலிந்தால் இன்னும் சீக்கிரம் சூடாகும், மலைக்கு அது வேண்டாம் என்றார். புதுசு எதைப் போடுவது என்று மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. முதல் ஜோடிக்குப் பட்ட பாட்டுக்குப் பிறகு திறக்கவும் மாட்டார். "நீங்களே பார்த்து வாங்கியாந்துருங்கண்ணா," என்று கழற்றிய டிஸ்க் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

நாமக்கல்லில் லாரிக்கு ஆணியிலிருந்து அச்சு வரைக்கும் கிடைக்கும். கார் சாமான் கேட்டால்தான் நாளைக்கு வாங்க என்பார்கள். இரண்டு கடை ஏறினார். ஒருவர் கம்பெனி டிஸ்க்கையே போடச் சொன்னார். அதுதானே சாக்கில் இருக்கிறது என்று அவிழ்த்துக் காட்டியதும் பேச்சை மாற்றினார். இன்னொரு கடையில் முகமெல்லாம் ஓட்டை போட்ட டிஸ்க் ஒன்றை எடுத்து வைத்து, சூடு இதன் வழியாக வெளியே போய்விடும், மலைக்கென்றே செய்தது என்றார்கள். மாதேஸ்வரனுக்கு அதில் மனம் போயிற்று. கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார், விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார், வெளிச்சத்தில் சாய்த்து ஓட்டைகளை எண்ணினார். வாங்கிவிடலாம் என்று நினைத்தபோது, ஓட்டை இருக்கிற இடத்தில்தானே இரும்பு முதலில் விரிசல் விடும் என்று ஒரு சந்தேகம் வந்தது. வைத்துவிட்டு இறங்கி, கிடைத்த சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

டிரைவருக்குப் பின்சீட்டில் இடம் கிடைத்தது. ராசிபுரம் போவதற்குள் அந்த டிரைவர் பிரேக் பிடித்த ஒவ்வொரு தடவையும் இவர் கால் தரையை அமுக்கியது. உணர்ச்சியில்லாத காலுக்கு இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

சேலத்தில் ஸ்பேர்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினார். கனமான டிஸ்க், லேசான டிஸ்க், டெல்லி சரக்கு, இங்கேயே கோயமுத்தூரில் வார்த்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மலைக்குத் தாங்குமா என்று கேட்டால் எல்லோருமே தாங்கும் என்றார்கள். தாங்கும் என்று சொல்லாத ஒருவரைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். வெயில் தலைக்கு ஏறியது, சாக்கு கையை அறுத்தது, சாப்பிடவும் தோன்றவில்லை. செம்மேட்டு வீட்டுக்கு அவள் பதில் சொல்ல ஒரு ராத்திரிதான் பாக்கி என்ற நினைப்பு துரத்திக்கொண்டே இருந்தது.

ஐந்தாவது கடை பிரேக் சாமான் மட்டும் விற்கிற கடை. கல்லாவில் சாலம்மாள் என்று ஒரு அம்மாள், அறுபது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் தூக்கி விட்டுக்கொண்டு பேட்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். புருஷன் இருந்தபோதும் வியாபாரம் அவர்தான் பார்த்தார், இப்போதும் அவர்தான் பார்க்கிறார் என்று அந்தத் தெருவில் சொல்வார்கள். மாதேஸ்வரன் மூன்று ஜோடிக் கதையையும் ஒப்பித்தார். சாலம்மாள் கதையைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. டிஸ்க்கை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலால் ஒரு பக்கம் முழுக்கத் தடவினார். பிறகு கவிழ்த்து மறுபக்கத்தைத் தடவினார்.

"தம்பி, இதுக்குத் தண்ணி ஊத்தறது யாருங்க?"

மாதேஸ்வரனுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதை அவர் பாலசுந்தரத்திடம்கூடச் சொன்னதில்லை. சாப்பிட்டதும் கை கழுவினேன் என்று யாராவது மெக்கானிக்கிடம் சொல்வார்களா? மலையிறங்கியதும் ஊற்றுவதுதான், ஊற்றாமல் எப்படி என்றார்.

சாலம்மாள் டிஸ்க்கை அவர் பக்கம் நகர்த்தினார். வெளிப்பக்கம் மட்டும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்தது. உள்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. சக்கரத்து இடுக்கு வழியாகத் தண்ணீர் படுகிற பக்கம் வெளிப்பக்கம்தான்.

"லாரிக்காரரா இருந்தீங்களாக்கும். லாரி பிரேக் டிரம்முக்கே அது ஆகாதுங்க தம்பி, கனமா இருக்கறதால பொறுத்துக்குது. இது தட்டு. காயற தோசைக்கல்லுல சொம்புத் தண்ணிய ஊத்துனா கல்லு என்னாகும்?"

பாலசுந்தரத்தையும் நாமக்கல் கடைக்காரரையும் திட்டியதெல்லாம் வீண் பழி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தார். ஆனால் சறுக்கினால் விழுந்திருக்கப் போவது யானை இல்லை, அமுதவல்லி. நேற்றைக்கு அவள் சுவரிலிருந்து ஒரு முழத்தில் நின்றதை நினைத்துப் பார்த்தார். கேட்காமலேயே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார். வெகு நாளைக்குப் பிறகு கை இரண்டும் அசையாமல் மடியில் கிடந்தன.

சாலம்மாள் இன்னொன்றும் சொன்னார். தட்டின் மேல் அங்கங்கே, இரும்பு மிதமிஞ்சிச் சூடானால் வரும் நீலம் பூத்திருந்தது. ஓட்டுகிறவர் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்குகிறார், இறக்கத்தில் என்ன அவசரமோ தெரியவில்லை, அதைக் கேளுங்கள் என்றார். மாதேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கு என்று தான் நூறு தடவை சொல்லியிருப்பதாகச் சொன்னார். சொல்லியிருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு சாலம்மாள் அலமாரியிலிருந்து ஒரு ஜோடி எடுத்தார். ஓட்டை இல்லாத, பளபளப்பு இல்லாத, சாதாரண டிஸ்க். முதல் தடவை பாலசுந்தரம் போட்ட அதே சரக்கு. இதுவே வருடக்கணக்கில் ஓடும், புதுசு மாட்டி முதல் வாரம் மட்டும் பதமாக ஓட்டச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாதேஸ்வரனுக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. இதை ஏன் வெளியே சொல்லவேண்டும்? டிஸ்க்கை மாட்டிவிட்டு, தண்ணீர் கேனை மட்டும் வைக்காமல் விட்டால் போதும். வண்டி ஓடும், நல்ல சரக்காகப் பார்த்து வாங்கிவந்தார் என்று பெயரும் வரும். பாதி வழிக்கு அந்த யோசனை இனித்தது. அப்புறம்தான் அதில் இருந்த ஓட்டை தெரிந்தது. மூன்று தடவை சரியாகிவிட்டது என்று சொன்ன வாய் நாலாவது தடவையும் சொன்னால் அவள் ஏன் நம்பவேண்டும்? நாளைக்கு செம்மேட்டுக்குச் சரி என்று சொல்லிவிடுவாள். அவளை நிறுத்த வேண்டுமானால் உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. தப்பு என்மேல் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. குழாய் காலில் விழுந்ததற்குக்கூட இன்றுவரை அதைத் தூக்கிய கொக்கியைத்தான் திட்டுகிறார்.

ஏழு மணிக்கு அமுதவல்லி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். சாலம்மாள் காட்டிய மாதிரியே பழைய டிஸ்க்கை லைட்டுக்குக் கீழே பிடித்து, வெடிப்பு இருக்கிற பக்கத்தையும் இல்லாத பக்கத்தையும் காட்டினார். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கடைக்காரங்க மேல தப்பில்ல அமுதா. நான்தான் கெடுத்துருக்கேன். மூணு ஜோடியையும்."

அமுதவல்லி டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் அவ்வளவாக இல்லை.

"ஆவி கெளம்பறப்ப எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்குமுங்க. காரவள்ளி டீக்கடைக்காரரு ஒருக்கா வேண்டாமுன்னுகூடச் சொன்னாரு."

அப்புறம் ஏன் ஊற்றினாய் என்று கேட்டார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அந்தக் காலை வெச்சுக்கிட்டு அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நீங்க புடிச்சு வெச்ச தண்ணி. அதைக் கொண்டுபோயி சாக்கடையில ஊத்தச் சொல்றீங்களா?"

மாதேஸ்வரன் எழுந்து சமையலறைக்குப் போய், ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்தார். கேட்க வேண்டியது இன்னொன்று இருந்தது. தட்டில் பூத்திருந்த நீலத்தைக் காட்டி, பிரேக்கிலேயே இறங்குகிறாயாமே, என்ன அவசரம் என்று கேட்டார். அமுதவல்லி கைப்பையின் வாரைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சேகாலுக்கு நீங்க போன் பண்ணுவீங்க. அதுக்குள்ள சிக்னல் கெடைக்கற எடத்துக்கு வந்தாகணும். போன தைல ஒருநாள் லேட்டாயிப்போச்சு, ஞாபகம் இருக்குதுங்களா? லாரி ஒண்ணு வளைவுல மாட்டிக்கிச்சு. நான் எறங்கி வந்து பார்த்தா, நீங்க கெடச்ச பஸ்ஸுல ஏறி வந்து காரவள்ளில நிக்கறீங்க. செருப்பில்லாம. கால்ல கண்ணாடி குத்தி ரத்தம் ஓடுது, அதுகூடத் தெரியாம மலையையே பார்த்துக்கிட்டு நின்னீங்க. அன்னிலிருந்துதானுங்க நான் வேகமா எறங்கறேன்."

மாதேஸ்வரனுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. ரத்தத்தைத் துடைத்துக் கட்டுப்போட்டது அவள். டீக்கடையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் அக்கறை அவளுக்குத் தெரிந்ததே என்று அன்றைக்கு உள்ளுக்குள் பெருமைப்பட்டிருந்தார். தண்ணீர் மட்டும் இல்லை, அந்தச் சூடும் தன்னால் வந்ததுதான். ஒவ்வொரு சாயங்காலமும் எழுபது வளைவிலும் அவளைப் பின்னாலிருந்து விரட்டிக்கொண்டிருந்தது தான்தான் என்று புரிந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"இனிமே மொள்ள எறங்கி வா சாமி. ஆறு மணியானாலும் ஆவட்டும். நான் போன் பண்ணல."

அமுதவல்லி அவரை நம்பாமல் பார்த்தாள்.

"பண்ணாம இருந்துக்குவீங்களா?"

மாதேஸ்வரன் யோசித்தார். பொய் சொல்ல அன்றைக்கு அவரிடம் தெம்பு மிச்சமில்லை.

"இருக்க முடியாது. ஆனா பண்ணமாட்டேன்."

அமுதவல்லி கைப்பையிலிருந்து போனை எடுத்து, செம்மேட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, வீடு வேண்டியதில்லைங்க, வேற ஆருக்காவது குடுத்துருங்க என்று சொன்னாள்.